வானத்தில் ஒரு வாசல்: இடைமறிப்பு ஏவுகணைகள் இலக்கைத் தேடிய வரலாறு

1991ஆம் ஆண்டு தை மாதம் வளைகுடா யுத்தம் மூண்டபோது யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. முந்திய ஆண்டு நடுப்பகுதியில் நின்ற மின்சாரம் நின்றதுதான். வானொலிக்கு இடும் மின்கலங்களும் தடைசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியலில் இருந்தன. துவிச்சக்கர வண்டியைக் கவிழ்த்து வைத்து ஒருவர் மிதியைக் கையாற் சுற்ற, அதன் டைனமோ தரும் மின்னைக் கொண்டு மற்றவர்கள் பிபிசி தமிழோசை கேட்ட காலம் அது. சுற்றுபவரின் கை தளர்ந்தால் வாசிப்பவரின் குரலும் தளர்ந்துவிடும். அவ்வாறு விட்டுவிட்டுக் கேட்ட செய்திகளில் ஒரு பெயர் அடிக்கடி வந்தது. ஈராக் ஏவிய ஸ்கட் ஏவுகணைகளை 'பேற்றியட்' என்னும் அமெரிக்க ஏவுகணை வானத்திலேயே எதிர்கொண்டு அழித்துவிடுகிறது என்றார்கள்.

பதுங்கு குழிக்குள் இருந்தவாறே குண்டுவீச்சு விமானத்தின் இரைச்சலைக் கொண்டு அதன் தூரத்தை அளந்து பழகியிருந்த நமக்கு, அச்செய்தி புராணப் படிப்பிற் கேட்ட கதைபோல இருந்தது. அஸ்திரத்துக்கு எதிர் அஸ்திரம். இரண்டும் நடுவானில் மோதித் தீப்பொறி பறக்க வீழ்ந்துவிடும். அப்படியொன்று இங்கும் இருந்தால் என்று நினையாதவர் அந்நாளில் அரிது.

அதன்பின் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. இன்று நம் பிள்ளைகள் உக்ரைன் வானத்திலும் இஸ்ரவேல் வானத்திலும் எழுந்த ஒளிக்கீற்றுகளைக் கைத்தொலைபேசியிற் பார்த்துவிட்டு நம்மிடம் கேட்கிறார்கள்: ஒரே வேளையில் பல வந்தால் அது எதைத் துரத்துவது என்று எப்படித் தெரிந்துகொள்கிறது? ஒன்றை முடித்து மற்றொன்றுக்கு எப்படித் தாவுகிறது? நாம் கலைத்துறையிற் கற்றவர். பௌதிக ஆசிரியர் அல்லர். ஆயினும் இக்கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாற்றைப் படிக்கப் படிக்க நமக்குத் தெளிவானது ஒன்று. இவ்வியந்திரம் தான் துரத்தும் பொருளை நாம் காண்பதுபோலக் காண்பதில்லை. பொருள் இன்ன கணத்தில் இன்ன இடத்தில் இருக்கும் என்று முதலிற் கணக்கிட்டுக்கொண்டு, அந்த இடத்தை மட்டுமே பார்க்கிறது. கணக்குத் தவறினால், கண்ணெதிரே வருவதும் அதற்கு இல்லாத பொருளாகிவிடும்.

இக்கதையின் தொடக்கம் இலண்டன் மாநகரம். 1944 செப்டெம்பர் 8ஆம் நாள் ஜெர்மனியின் வி-2 ஏவுகணை முதன்முதலாக அங்கு வீழ்ந்தது. அதற்கு முன்னர் வந்த வி-1 பறக்குங்குண்டு விமானம்போல இரைந்துகொண்டு வந்தது. ராடரும் பீரங்கியும் சேர்ந்து அவற்றிற் பலவற்றை வீழ்த்தின. வி-2 ஒலியிலும் பன்மடங்கு விரைவாக வந்தது. வெடித்த பின்னரே அது வந்த ஓசை கேட்டது. பிரித்தானியாவின் விமான எதிர்ப்புப் படைக்குத் தலைவராயிருந்த ஜெனரல் பைல், வி-2 வரும் பாதையைக் கணித்து அப்பாதையிற் பீரங்கிக் குண்டுகளைத் தூவிவிடலாம் என்று ஒரு திட்டத்தை முன்வைத்தார். குறி தைப்பது மிக அரிது என்றும், சுட்ட குண்டுகள் மக்கள்மீதே வீழும் என்றும் கருதி அரசு அனுமதிக்கவில்லை. எனினும் இக்கலையின் அடிப்படை எண்ணம் அத்திட்டத்திலேயே இருந்தது: வருவதைத் துரத்தாதே, அது வரப்போகும் இடத்துக்கு முந்திச் செல்.

யுத்தம் முடிந்தபின் 1954 முதல் அமெரிக்க நகரங்களைச் சுற்றி 'நைக் ஏஜக்ஸ்' என்னும் ஏவுகணைகள் நிறுத்தப்பட்டன. அவை விமானங்களை எதிர்ப்பதற்கானவை. வானத்தைத் துழாவி விமானத்தைக் கண்டறிய ஒரு ராடர். கண்டறிந்த விமானத்தையே விடாது பார்த்திருக்க இன்னொன்று. தான் ஏவிய ஏவுகணையைப் பார்த்திருக்க மற்றொன்று. இரண்டு பார்வைகளையும் ஒரு கணனி இணைத்து, இரண்டும் சந்திக்கும் இடத்தைக் கணித்து, ஏவுகணைக்கு இடமா வலமா என்று கட்டளையிடும். சந்தித்ததும் வெடிக்கச் செய்யும். அதன் பின்னரே பெரிய தட்டைப்போன்ற அந்த ராடர் முகத்தை இயந்திரம் கொண்டு திருப்பி அடுத்த விமானத்தின்மீது நிறுத்துவார்கள். ஒரு தளத்துக்கு ஒரு நேரத்தில் ஓர் இலக்கு. இலக்கு மாற்றம் என்பது அக்காலத்தில் இரும்பைத் திருப்பும் வேலை.

ஏவுகணையையே ஏவுகணையால் அடிக்கும் முயற்சியில் முதலில் வென்றவர்கள் சோவியத் பொறியியலாளர்கள். 1961 மார்ச் 4ஆம் நாள், கசக்ஸ்தானின் சரிசகான் சோதனைத் திடலில், கிரிகோரி கிசுன்கோ என்பவரின் குழு ஏவிய ஏவுகணை ஆர்-12 ஏவுகணையின் முனையை வானில் அழித்தது. அணுகுண்டு வைத்து அழித்ததன்று. சிதறும் குண்டுத் துண்டுகளைக் கொண்டே அழித்தது. முக்கோணமாக அமைந்த மூன்று ராடர்கள் மூன்று பக்கங்களிலிருந்து ஒரே இலக்கைப் பார்த்து, மூன்று தூரங்களிலிருந்து அதன் இருப்பிடத்தைக் கணித்தன. விண்ணிற் பறக்கும் ஈயையும் எம்மால் அடிக்க முடியும் என்ற பொருள்படக் குருசேவ் அடுத்த ஆண்டு பெருமை பேசினார். ஓர் ஈக்கு மூன்று ராடர் தேவைப்பட்டது என்பதை அவர் சொல்லவில்லை.

1962இல் அமெரிக்காவும் 'நைக் சூஸ்' என்னும் ஏவுகணையாற் பசுபிக் கடலில் இத்தகைய சோதனைகளில் வெற்றி கண்டது. ஆனால் அமெரிக்க அறிஞர்கள் உடனேயே குறையைக் கண்டுகொண்டார்கள். எதிரி ஒன்றை அனுப்பாமற் பத்தை அனுப்பினால்? பத்தில் ஒன்பது வெறும் போலியாக இருந்தால்? தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் ராடர் அதற்கு ஈடுகொடாது. அத்திட்டம் அந்த வடிவிற் கைவிடப்பட்டது. அதன் இடத்தை எடுத்தது முகம் திரும்பாமலே பார்வை திரும்பும் புதுவகை ராடர்.

இந்த ராடரைச் சற்று விளக்க வேண்டும். பத்து மாணவர்கள் குளக்கரையில் வரிசையாக நின்று ஒரே கணத்திற் கல்லைப் போட்டால் அலை நேரே செல்லும். இடப்பக்கத்து மாணவன் முதலிலும், அடுத்தவன் ஒரு நொடி பிந்தியும், அதற்கடுத்தவன் மேலும் பிந்தியும் போட்டால் அலை ஒரு பக்கமாகச் சாய்ந்து செல்லும். மாணவர்கள் நின்ற இடத்திலேயே நிற்கிறார்கள். அலை செல்லும் திசை மட்டும் மாறுகிறது. பேற்றியட் ராடரின் தட்டையான முகத்தில் இத்தகைய 'மாணவர்கள்' 5000க்கும் மேல். அவர்களுக்கு யார் முந்தி, யார் பிந்தி என்று கட்டளையிடுவது கணனி. எனவே பார்வையை ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு மாற்றச் செக்கனில் ஆயிரத்திலொரு பங்கும் தேவையில்லை. இவ்வகை ராடர் ஒன்று நூறு வரையான பொருள்களைத் தொடரவும், ஒன்பது ஏவுகணைகளுக்கு ஒரே வேளையில் வழிகாட்டவும் வல்லது என்று கூறப்பட்டது.

ஆனால் நூறையும் அது ஒரே கணத்திற் பார்ப்பதில்லை. பரீட்சை மண்டபத்தில் மேற்பார்வை செய்யும் ஆசிரியரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் பார்வை மேசைக்கு மேசை தாவுகிறது. மூன்றாம் வரிசையிலிருந்தவனைப் பார்த்துவிட்டு வேறிடம் பார்த்துத் திரும்பும்போது, அவன் அங்கேயே இருப்பான் என்று எதிர்பார்க்கிறார். ராடர் பார்க்கும் மாணவனோ ஒரு செக்கனில் ஒன்றரைக் கிலோமீற்றர் ஓடுகிறவன். ஆகவே அடுத்த முறை பார்க்கும்போது அவன் எங்கிருப்பான் என்பதை, முன்னர் கண்ட இடம், அவன் வேகம், இடையிற் கழிந்த நேரம் ஆகிய மூன்றையும் கொண்டு கணனி கணித்து, வானத்தில் அந்த இடத்தைச் சுற்றி ஒரு சிறு வாசலைத் திறந்து வைக்கிறது. வாசலுக்குள் எதிரொலி வந்தால், 'இது முன்னர் கண்டதே' என்று கொண்டு அடுத்த வாசலைக் கணிக்கும். வாசலுக்குள் ஒன்றும் வராவிட்டால், முன்னர் கண்டது பொய்த்தோற்றம் என்று தள்ளிவிடும். பின்தொடர்தல் என்பது இவ்வளவே. இலக்குக்கு இலக்கு தாவுதல் என்பதும், இத்தகைய பல வாசல்களை மாறி மாறித் திறந்து மூடுதலே.

ஏவுகணையே தன் இலக்கைத் தெரிவுசெய்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். 1991இல் இருந்த பேற்றியட்டில் அப்படியில்லை. தரையிலுள்ள ராடர் இலக்கின்மீது அலையை எறியும். இலக்கிற் பட்டுத் திரும்பும் அலையை ஏவுகணையின் மூக்கில் இருக்கும் கருவி கேட்கும். தான் கேட்டதைத் தரைக்கு அனுப்பும். தரையிலிருக்கும் கணனி கணக்கைச் செய்து, திரும்பு என்று ஏவுகணைக்குச் சொல்லும். ஏவுகணைக்குக் காது உண்டு. மூளை தரையில் இருந்தது. ஆதலால் இலக்கை மாற்றுவதும் கைவிடுவதும் தரையிலிருந்த கணனியும், அதன் முன் அமர்ந்திருந்த இளம் படைவீரர்களுமே.

இந்த ஒழுங்கு விமானத்தை நினைத்துச் செய்யப்பட்டது. 1960களில் திட்டமிட்டு 1980களில் ஐரோப்பாவிற் சோவியத் விமானங்களை எதிர்க்கவென்று நிறுத்தப்பட்ட ஆயுதம் பேற்றியட். ஏவுகணைகளையும் எதிர்க்குமாறு அதன் கட்டளை நிரல்கள் திருத்தப்பட்டது 1980களின் கடைசியிலேதான். எதிரே வந்ததும் திட்டத்திற் கண்ட ஸ்கட் அன்று. ஈரானுடன் நடந்த யுத்தகாலத்தில், தெஹ்ரானை எட்டவேண்டுமென்று ஈராக்கியர் ஸ்கட்டை நீட்டித்திருந்தார்கள். எரிபொருட் கலத்தைப் பெரிதாக்கி, குண்டின் நிறையைக் குறைத்து, 600 கிலோமீற்றருக்கு மேற் செல்லுமாறு செய்து 'அல் ஹுசேன்' என்று பெயரும் இட்டார்கள். நிறை சமநிலை குலைந்த அந்த ஏவுகணை உயரத்திலிருந்து காற்று மண்டலத்துள் இறங்கும்போது தானாகவே உடைந்தது. இதை யாரும் தந்திரமாகச் செய்யவில்லை. வேலைத்திறன் குறைந்ததன் விளைவு. ஆயினும் பெருஞ்செலவிற் செய்யப்படும் தந்திரங்கள் சாதிப்பதை அது சாதித்துவிட்டது.

ராடரின் முன்னே ஒன்றாக இருந்தது திடீரென்று பலவாயிற்று. எரிபொருட் கலம் பெரியது; ராடருக்கு நன்றாகத் தெரிவது; ஆபத்துக் குறைந்தது. குண்டு சிறியது, மங்கலாகத் தெரிவது, கொல்வது. உடைந்த துண்டுகள் ஒவ்வொன்றும் கணனிக்குப் புதிய இலக்காகத் தோன்றிற்று. சில வேளைகளில் வெறும் தகரத்தைத் துரத்திப் பேற்றியட்டுகள் பாய்ந்தன. ஒரு ஸ்கட்டுக்கு இரண்டு என்று எய்துவந்ததால் கையிருப்பும் கரைந்தது. உடைந்த குண்டு நேரே வராமற் சுழன்று சுழன்று வந்ததால், கணித்த வாசலுக்குள் அது நிற்கவுமில்லை.

அடுத்த இலக்குக்கு மாறவேண்டுமானால் முதல் இலக்கு முடிந்துவிட்டதா என்று தெரியவேண்டும். இதுவே இக்கலையில் மிகக் கடினமான கேள்வி என்று நமக்குப் படுகிறது. பேற்றியட் குறியின் அருகிற் சென்று வெடித்ததும், 'அநேகமாக அழிந்தது' என்று கணனி குறித்துக்கொள்ளும். உண்மையில் அது அறிந்தது, தான் வெடித்ததை மட்டுமே. விமானமாயின் இறகிற் சில துண்டுகள் பட்டாலே வீழ்ந்துவிடும். ஏற்கெனவே வீழ்ந்துகொண்டிருக்கும் குண்டுக்கு அது போதாது. அடிபட்டாலும் அது நகரத்தின்மீதே வீழும். தரையில் நின்று பார்த்தவர்களுக்கும், தொலைக்காட்சியிற் பார்த்த உலகத்துக்கும் தெரிந்தது வானத்தில் ஓர் ஒளி. ஒளி தெரிந்தது, ஆகவே அழிந்தது என்று கொண்டார்கள். நாம் டைனமோ வானொலியிற் கேட்டதும் அதைத்தான்.

1991 பெப்ரவரி 15ஆம் நாள் ஜனாதிபதி புஷ், பேற்றியட்டைச் செய்யும் மசாச்சுசெற்ஸ் மாநிலத் தொழிற்சாலைக்குச் சென்று, 42 ஸ்கட்டுகளில் 41 இடைமறிக்கப்பட்டன என்று தொழிலாளரிடம் கூறினார். யுத்தம் முடிந்தபின் எண்கள் இறங்கத் தொடங்கின. சவூதி அரேபியாவில் 80 வீதம், இஸ்ரவேலில் 50 வீதம் என்றது தரைப்படை. பின்னர் அதுவே 70 என்றும் 40 என்றும் ஆயிற்று. மசாச்சுசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியர் தியடோர் போஸ்டல், தொலைக்காட்சிப் படங்களை ஒவ்வொரு சட்டமாக நிறுத்திப் பார்த்து, குண்டு அழிந்ததற்கான சான்று ஏறத்தாழ ஒன்றுமே இல்லை என்றார். தொலைக்காட்சிப் படக்கருவி அவ்வளவு நுணுக்கமானதன்று என்று எதிர்த்தவர்களும் உண்டு. 1992இல் அமெரிக்கக் காங்கிரசில் விசாரணை நடந்தது. அதே ஆண்டு காங்கிரசின் கணக்காய்வு அலுவலகம், குண்டு அழிக்கப்பட்டது என்று வலுவான சான்றோடு சொல்லக்கூடியவை நூற்றுக்கு 9 அளவிலேயே உள்ளன என்று எழுதியது. 41 என்பது செய்தித்தாள்களின் முதற்பக்கத்தில் வந்த எண். 9ஐ எத்தனைபேர் படித்தார்கள் என்பது வேறு கதை.

இனி, பேற்றியட் ஒன்றுமே எய்யாத இரவுக்கு வருவோம். 1991 பெப்ரவரி 25. சவூதி அரேபியாவின் டஹ்ரான் நகருக்கருகே, பண்டகசாலை ஒன்றைத் தங்குமிடமாக்கி அமெரிக்கப் படையினர் தங்கியிருந்தனர். அவர்களிற் பலர் பென்சில்வேனியா மாநிலத்துக் கிறீன்ஸ்பேர்க் என்னும் ஊரைச் சேர்ந்த தொண்டர் படையினர். குடிநீர் சுத்திகரிப்பது அவர்கள் வேலை. வந்து ஆறு நாளே ஆகியிருந்தது. இரவு எட்டரை மணியளவில் ஸ்கட் ஒன்று நேரே அக்கட்டடத்தின்மீது வீழ்ந்தது. 28 பேர் இறந்தார்கள். நூறுபேர் அளவிற் காயமுற்றார்கள். கிறீன்ஸ்பேர்க் அணியில் மட்டும் இறந்தவர் 13 பேர்.

அப்பகுதியைக் காத்துநின்ற பேற்றியட் அணியின் ராடர் அந்த ஸ்கட்டை முதற் பார்வையிற் கண்டது. கண்டு, அடுத்த வாசலைக் கணித்து, அங்கே பார்த்தது. வாசல் வெறுமையாக இருந்தது. பொய்த்தோற்றம் என்று தள்ளிவிட்டது. படைவீரர்களின் திரையில் ஒன்றும் தோன்றவில்லை.

வாசல் ஏன் இடம் மாறிற்று? கணக்காய்வு அலுவலகம் 1992 பெப்ரவரியில் வெளியிட்ட அறிக்கை இதை விளக்குகிறது. பேற்றியட்டின் கணனி நேரத்தைப் பத்திலொரு செக்கனாக எண்ணிக்கொண்டு வரும். எண்ணியதைச் செக்கனாக்கப் பத்திலொன்றாற் பெருக்கவேண்டும். நமக்குப் பத்திலொன்று எளிய எண். ஆனால் மூன்றிலொன்றைத் தசமத்தில் எழுதச் சொன்னால் மாணவன் 0.333 என்று எழுதிக்கொண்டே போகவேண்டும் அல்லவா? முடிவில்லாததால் ஓரிடத்தில் வெட்டுவான். பூச்சியமும் ஒன்றும் மட்டுமே கொண்ட துவித முறையிற் பத்திலொன்றுக்கும் அதே விதி. அக்கணனி 24 இடங்களோடு வெட்டிவிட்டது. வெட்டியதால் நேர்ந்த பிழை ஒவ்வோர் எண்ணிக்கைக்கும் 0.000000095 செக்கன். ஒரு பொருட்டாகாத பிழை. ஆனால் அந்த அணி நூறு மணி நேரத்துக்கு மேலாக ஓய்வின்றி இயங்கிக்கொண்டிருந்தது. நூறு மணி நேரத்திற் பத்திலொரு செக்கன்கள் 36 இலட்சம். பெருக்கிப் பாருங்கள், ஏறத்தாழ 0.34 செக்கன். ஒரு செக்கனின் மூன்றிலொரு பங்கு நேரத்தில் ஸ்கட் அரைக் கிலோமீற்றருக்கு மேல் ஓடிவிடும். வாசல் அவ்வளவு தூரம் தள்ளித் திறந்திருந்தது.

கடிகாரம் எங்கும் ஒரே அளவிற் பிழைத்தால், இரு நேரங்களுக்கிடையிலான வித்தியாசம் சரியாகவே இருக்குமே என்று கணிதம் கற்ற வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. கணிதவியலாளர் ஒருவர் பின்னர் அதற்கும் விடை சொன்னார். விரைவான ஏவுகணைகளை எதிர்க்கவென்று நிரலைத் திருத்தியபோது, நேரத்தை மேலும் நுணுக்கமாகக் கணிக்கும் வழியொன்றைச் சேர்த்தார்கள். சில இடங்களிற் சேர்த்துச் சில இடங்களில் விட்டுவிட்டார்கள். பழைய பிழை எங்கும் இருந்திருந்தால் ஒன்றையொன்று தின்றிருக்கும். பாதி திருத்தியதால் மீதி நின்றது.

இது எவருக்கும் தெரியாதிருந்ததன்று. எட்டு மணி நேரம் ஓடினாலே வாசல் 20 வீதம் விலகுகிறது என்று இஸ்ரவேலியர் கண்டு, பெப்ரவரி 11ஆம் நாள் அமெரிக்கருக்குத் தெரிவித்திருந்தார்கள். ஏறத்தாழ இருபது மணி நேரத்தில் இலக்கு வாசலுக்கு வெளியே போய்விடும் என்பதும் கணிக்கக்கூடியதே. ஆனால் எவரும் அவ்வளவு நேரம் தொடர்ந்து ஓட்டமாட்டார்கள் என்று அலுவலர்கள் கருதினார்கள். ஐரோப்பாவில் அடிக்கடி இடம்பெயர்ந்து நிற்கும் ஆயுதமாகவே அது திட்டமிடப்பட்டிருந்தது. இடம்பெயரும்போதெல்லாம் அணைத்துப் போடுவார்கள். பெப்ரவரி 16ஆம் நாள் திருத்திய நிரல் அணிகளுக்கு அனுப்பத் தயாராயிற்று. 21ஆம் நாள் எல்லா அணிகளுக்கும் ஓர் அறிவித்தல் சென்றது: மிக நீண்டநேரம் ஓட்டினால் வாசல் விலகக்கூடும். மிக நீண்டநேரம் என்றால் எத்தனை மணி என்று அதில் இல்லை. இயந்திரத்தை அணைத்து மீண்டும் இயக்கினால் கடிகாரம் பூச்சியத்திலிருந்து தொடங்கும், பிழையும் மறையும். அதற்குத் தேவைப்பட்டது 60 முதல் 90 செக்கன் வரை. திருத்திய நிரல் டஹ்ரானை அடைந்தது பெப்ரவரி 26ஆம் நாள்.

இருப்பதைக் காணாமல் விடுவது ஒரு பிழை. ஒன்றின் இடத்தில் இன்னொன்றைக் காண்பது மறுபக்கப் பிழை. அது வளைகுடாவிலேயே சற்று முன்னர் நிகழ்ந்திருந்தது. 1988 யூலை 3ஆம் நாள் அமெரிக்கப் போர்க்கப்பல் வின்சென்ஸ், பந்தர் அப்பாஸிலிருந்து துபாய்க்குப் புறப்பட்ட ஈரானியப் பயணிகள் விமானத்தை இரு ஏவுகணைகளாற் சுட்டு வீழ்த்தியது. 66 சிறுவர் உட்பட 290 பேர் மாண்டனர். அக்கப்பலில் இருந்தது 'ஈஜிஸ்' என்னும் ராடர் ஒழுங்கு. பேற்றியட்டைப்போல முகம் திரும்பாமற் பார்க்கும் வகை. அது தான் பதிவுசெய்த தரவின்படி விமானம் மேலேறிக்கொண்டிருந்தது. கப்பலில் இருந்தவர்களோ அது கப்பலை நோக்கி இறங்கி வருகிறது என்று தலைவரிடம் சொன்னார்கள்.

பதற்றமே காரணம் என்றது விசாரணை. ஆனால் பின்னர் ஆராய்ந்தவர்கள் இன்னொன்றையும் கண்டார்கள். ராடர் தான் தொடரும் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் இடும். வின்சென்ஸ் அந்த விமானத்துக்கு முதலில் இட்ட எண் 4474. அருகே நின்ற இன்னொரு கப்பல் அதே விமானத்துக்கு 4131 என்று இட்டிருந்தது. இரண்டும் ஒரே பொருள் என்று கண்ட கணனிகள் 4131ஐ வைத்துக்கொண்டு 4474ஐ விடுவித்தன. விடுபட்ட எண் வெகுதொலைவிற் பறந்துகொண்டிருந்த அமெரிக்க விமானம் ஒன்றுக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த விமானம் இறங்கிக்கொண்டிருந்தது. தலைவர் '4474 என்ன செய்கிறது?' என்று கேட்டபோது, 'இறங்குகிறது' என்ற விடை வந்திருக்கவேண்டும் என்பது அவர்களின் விளக்கம். எண் மாறியது கப்பலில் எவருக்கும் உறைக்கவில்லை. பெயர்ப்பட்டியலில் ஒருவன் பெயருக்கு நேரே இன்னொருவன் புள்ளியை எழுதிவிட்ட ஆசிரியர்களை நாம் அறிவோம். அங்கே திருத்த நேரம் இருக்கும்.

2003ஆம் ஆண்டு ஈராக் யுத்தத்தில் பேற்றியட் மீண்டும் வந்தது, பல திருத்தங்களோடு. மார்ச் 23ஆம் நாள் குவைத் எல்லையருகே திரும்பிக்கொண்டிருந்த பிரித்தானிய டொர்னேடோ விமானத்தை, ராடரைத் தாக்கவரும் ஏவுகணை என்று வகைப்படுத்திச் சுட்டது. இருவர் இறந்தனர். ஏப்ரல் 2ஆம் நாள் அமெரிக்கக் கடற்படை விமானம் ஒன்றையும் ஏவுகணை என்றே கருதிச் சுட்டது, விமானி இறந்தார். இம்முறை ராடர் எதையும் காணத் தவறவில்லை. கண்டதற்குத் தவறான பெயரை இட்டது.

இன்றைய இடைமறிப்பு ஏவுகணைகள் பெரிதும் மாறிவிட்டன. பேற்றியட்டின் புதிய வகையின் மூக்கிலேயே ஒரு ராடர் உண்டு. கடைசிக் கணங்களில் அது தரையை நம்பாமல் தானே பார்த்து, அருகில் வெடிப்பதற்குப் பதிலாக நேரே மோதுகிறது. காற்று மண்டலத்துக்கு அப்பாற் சென்று மோதுபவை, வெப்பத்தைக் காணும் கண்ணைக் கொண்டவை. ஆயினும் 1960களின் கேள்வி அங்கே அப்படியே நிற்கிறது. காற்றில்லாத வெளியில் இரும்புக் குண்டும் ஊதிய பலூனும் ஒரே வேகத்தில், ஒரே பாதையிற் செல்லும். காற்றுக்குள் இறங்கினால் பலூன் பிந்தும், குண்டு முந்தும். அதுவரை காத்திருந்தால் அடிப்பதற்கு நேரம் குறைந்துவிடும்.

2011இல் இஸ்ரவேல் நிறுத்திய 'அயன் டோம்' என்பது குறுந்தூர ரொக்கெற்றுகளை எதிர்ப்பது. அதன் கணனி செய்யும் தெரிவு வேறுவிதமானது. வரும் ரொக்கெற் எங்கு வீழும் என்று முதலிற் கணிக்கிறது. மக்கள் வாழும் இடமாயின் இடைமறிக்கிறது. வெட்டவெளியாயின் விட்டுவிட்டு அடுத்ததைப் பார்க்கிறது. பல வரும்போது எதை விடுவது என்னும் பழைய கேள்விக்கு இது சாதுரியமான விடைதான். ஆனால் எது மக்கள் வாழும் இடம் என்பதைக் கணனி வானத்தைப் பார்த்து அறிவதில்லை. அதற்குக் கொடுக்கப்பட்ட வரைபடத்திலிருந்து அறிகிறது. இஸ்ரவேலின் தெற்கே நெகேவ் பாலைவனத்தில், அரசின் அங்கீகாரம் பெறாத பெடுவின் அரபுக் கிராமங்கள் பல உண்டு. 2014 யூலையில் அப்படியோர் இடத்தில் ரொக்கெற் வீழ்ந்து ஒருவர் கொல்லப்பட்டபோதுதான், இக்கிராமங்கள் வரைபடத்தில் வெட்டவெளியாகக் கொள்ளப்படுகின்றன என்பது பரவலாக வெளிவந்தது. வழக்கும் தொடுக்கப்பட்டது, நீதிமன்றம் தலையிடவில்லை.

2024 ஏப்ரலில் ஈரான் முந்நூறளவில் ஏவுகணைகளையும் ஆளில்லா விமானங்களையும் இஸ்ரவேலை நோக்கி அனுப்பியது. மிகப் பெரும்பாலானவை இடைமறிக்கப்பட்டன. அவ்விரவில் அங்கே பாரதூரமாகக் காயமுற்றவள் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி. நெகேவில், அத்தகைய பெடுவின் கிராமமொன்றில் இருந்தாள். அவள் வீட்டின்மீது வீழ்ந்தது ஏவுகணையின் சிதறல். அக்கிராமத்திற் பதுங்கு குழி இருக்கவில்லை.